பழைய இரட்டை வில்லைக் கமரா: கழற்றிப் பூட்டியபின் பயன்படுத்திய அனுபவம்

மூடப்பட்ட ஸ்டூடியோ ஒன்றிலிருந்து இரட்டை வில்லைக் கமரா ஒன்று விலைக்கு வந்திருப்பதாகவும், அதே வகையை நான் நெடுநாளாக வைத்திருப்பதால் என் அபிப்பிராயம் வேண்டுமென்றும் வவுனியாவிலுள்ள நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். வாங்க வேண்டாம் என்று பதில் அனுப்பினேன். காரணம் கேட்டார், அது குறுஞ்செய்திக்குள் அடங்கவில்லை. என்னிடமிருப்பது எழுபதுகளில் ஜப்பானில் செய்யப்பட்டது. அதன் பெயரைத் தவிர்க்கிறேன், ஏனெனில் நான் அடுக்கப்போகும் குறைகளிற் பாதி செய்தவர்களால் வந்தவையல்ல, இடையிற் கைவைத்தவர்களால் வந்தவை. 1929இல் ஜேர்மனியின் பிறவுண்ஷ்வைக் நகரிலிருந்து வெளிவந்த ரோலைஃபிளெக்ஸ் கமரா போட்டுத் தந்த பாதையில்தான் இதுவும் நடக்கிறது: மேல் வில்லை பார்ப்பதற்கு, கீழ் வில்லை பதிவதற்கு. என்னுடையதில் 120 எனப்படும் படச்சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள் விழும்.

கழற்றவேண்டி வந்தது குவியக் குமிழால். பழைய கிறீஸ் பிசினாக இறுகி, அதற்குள் சோளகக் காற்றிற் பறக்கும் செம்மண் தூசும் சேர்ந்து, குமிழைத் திருப்ப இரண்டு கைகளும் தேவைப்பட்டன. கிறீஸை எட்டுவதற்கு, வில்லைகளைத் தாங்கும் முன்பலகையைக் கழற்ற வேண்டும். முன்பலகையைப் பிடித்திருக்கும் நான்கு திருகாணிகளும் வெளியே ஒட்டியிருக்கும் தோலுறைக்குக் கீழே ஒளிந்திருக்கின்றன. ஆகவே எந்தச் சிறிய வேலைக்கும் முதலில் அந்தத் தோலை உரிக்க வேண்டும், அது காய்ந்த வடகம்போல் நொறுங்கும். திருகாணித் தலை வெளியே தெரிந்தால் அழகு கெட்டுவிடுமென்று நினைத்த அந்த வடிவமைப்பாளர்மீது எனக்கிருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு கிளிநொச்சியில் ஒருவன் இதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கழற்றுவான் என்று அவர் எண்ணியிருக்க வழியில்லை என்பதையும் நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். திருப்புளி பற்றி ஒரு வார்த்தை: ஜப்பானியக் குறுக்குவெட்டுத் திருகாணிகளுக்குக் கடையிற் கிடைக்கும் பிலிப்ஸ் முனை சரியாகப் பொருந்தாது, வழுக்கித் தலையைத் தின்றுவிடும்.

பழைய கிறீஸை லைட்டர் பெற்றோலாற் கழுவிவிடலாம். புதிதாக எதைப் பூசுவது என்பதிலேதான் கவனம் வேண்டும். வாகனச் சில்லுக்குப் பூசும் கிறீஸ் எளிதிற் கிடைக்கும், ஆனால் நமது வெயிலில் அதிலிருந்து எண்ணெய் பிரிந்து, மெல்ல ஊர்ந்து ஷட்டர் இதழ்களிற் படியும். அந்த இதழ்கள் முற்றாகக் காய்ந்திருக்க வேண்டியவை. கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலமே அவற்றை ஒட்டவைக்கப் போதும்.

இவ்வளவும் பொறுமை இருந்தால் முடியக்கூடிய வேலை. என் பொறுமையைச் சோதித்தது உள்ளே இருந்த கண்ணாடி. மேல் வில்லையால் வரும் ஒளியை மேலே மங்கல் திரைக்குத் திருப்பிவிடும் அந்தக் கண்ணாடிக்கு முன்முகத்திலேயே ரசம் பூசப்பட்டிருக்க வேண்டும். எனக்கு முன் இதைத் திருத்திய யாரோ ஒருவர் அதை எடுத்துவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு துண்டை அளவாக வெட்டிப் பொருத்தியிருந்தார். பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. ஆனால் முகக்கண்ணாடியின் ரசம் பின்புறத்தில் இருப்பதால் ஒளி கண்ணாடிக்குள் நுழைந்து திரும்பிவர வேண்டியிருக்கிறது. பாதை நீள்கிறது, முன்முகத்திலிருந்தும் மங்கலான இரண்டாவது பிம்பம் ஒன்று எழுகிறது. திரையில் தெளிவாகத் தெரிவது சுருளில் தெளிவாக விழாது.

எவ்வளவு சிறிய பிழை இது என்பதைக் கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். 80 மில்லிமீற்றர் வில்லையில், இரண்டு மீற்றர் தூரத்தில் அமர்ந்திருக்கும் ஒருவரை எஃப் 3.5 என்ற அகலத் துவாரத்தில் எடுக்கும்போது, பார்க்கும் வில்லைக்கும் பதியும் வில்லைக்கும் இடையே 0.2 மில்லிமீற்றர் வேறுபாடு இருந்தாற்கூட, குவியம் ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர் தள்ளிப் போய்விடும். நீங்கள் கண்ணுக்குக் குவித்திருப்பீர்கள். படத்திற் காது தெளிவாக இருக்கும். துவாரத்தை எஃப் 11க்குச் சுருக்கினால் இந்தப் பிழை பெரும்பாலும் மறைந்துவிடும். கல்யாண வீட்டுக் கூட்டப் படங்களை மின்னல் விளக்குடன் எடுத்த ஸ்டூடியோக்காரர் இந்தக் குறையோடு ஆண்டுக்கணக்காகத் தொழில் செய்திருக்க முடியும், ஒருவரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

முன்முகத்தில் ரசம் பூசிய கண்ணாடிக்கு நான் கொழும்புவரை போகவில்லை. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வன்னியெங்கும் நடந்த பயிற்சிப் பட்டறைகளிற் பயன்பட்ட, கண்ணாடித் தாளைச் சுவரிற் காட்டும் மேல்தலை எறிவுக்கருவிகளில் ஒன்று பழைய இரும்புக் கடையிற் கிடந்தது. அதன் தலையில் இருந்த கண்ணாடியைக் கண்ணாடிக் கடையில் வெட்டுவித்தேன். சரியானதுதானா என்று பார்க்கும் வழி எளிது. பென்சில் முனையை ஓர் ஓரத்தில் மெல்ல வைத்துப் பாருங்கள். முனையும் அதன் பிம்பமும் ஒன்றையொன்று தொட்டால் ரசம் முன்முகத்தில் இருக்கிறது. இடைவெளி தெரிந்தால் அது முகம் பார்க்கும் கண்ணாடிதான். ஒன்றை மறக்கக்கூடாது: அந்த ரசத்தைத் துணியால் அழுத்தித் துடைத்தால் அழுக்கோடு ரசமும் போய்விடும்.

அதன்பின் இரண்டு வில்லைகளையும் ஒத்துப்போகச் செய்ய வேண்டும். பின்கதவைத் திறந்து, சுருள் கிடக்கும் தளத்தில் மங்கல் ஒட்டுநாடா ஒட்டிய கண்ணாடித் துண்டொன்றை வைத்து, ஷட்டரைத் திறந்தபடி நிறுத்தி, மிகத் தொலைவிலுள்ள ஒன்றைக் கீழ் வில்லையால் உருப்பெருக்கிகொண்டு குவிக்க வேண்டும். பிறகு குமிழை அசைக்காமல், மேல் வில்லையின் கூட்டை மட்டும் திருகி, மேல்திரையிலும் அதே பொருளைத் தெளிவாக்க வேண்டும். மலைநாட்டிலோ நகரத்திலோ இருப்பவர் இதற்கு இடம் தேட வேண்டியிருக்கலாம். நமக்கு இரணைமடுக் குளக்கட்டு இருக்கிறது. அக்கரை மரவரிசைக்குக் குவித்தால், 80 மில்லிமீற்றர் வில்லைக்கு அது முடிவிலியேதான், அதாவது அதற்கப்பால் எவ்வளவு தூரமானாலும் குவியம் மாறாது. காலை பத்து மணிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். பிறகு கானல் எழுந்து மரங்கள் நடுங்கத் தொடங்கிவிடும்.

எனக்குத் தீராத எரிச்சலைத் தருவது இதற்குப் பிறகுதான் வருகிறது. மேல் வில்லையின் கூட்டைப் பிடித்திருப்பவை எள்ளளவு திருகாணிகள். முல்லைத்தீவுப் பக்கத்து உள்வீதிகளில் மோட்டார் சைக்கிளில் ஒருநாள் போய்வந்தால் அவை தளர்கின்றன, கூடு இம்மியளவு திரும்புகிறது, காது மறுபடியும் தெளிவாகிறது. நகப்பூச்சு ஒரு துளி வைத்துப் பார்த்தேன். வெயிலில் அது சிறிது காலம் தாங்கியது, பிறகு உதிர்ந்தது. ஒவ்வொரு நீண்ட பயணத்துக்குப் பின்னரும் நான் குளக்கட்டுக்குப் போகவேண்டியிருக்கிறது. படமெடுக்க வாங்கிய கருவிக்கு இவ்வளவு பணிவிடை தேவையா என்ற கேள்வி எனக்கே அடிக்கடி எழுகிறது. ஒளிமானியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அது கேட்கும் 1.35 வோல்ட் பாதரசப் பற்றறி இன்று விற்பனையில் இல்லை, 1.5 வோல்ட் போட்டாற் பொய் சொல்கிறது.

இதனோடு நமது வெயிலும் சேர்ந்துகொள்கிறது. ஒளியை விரைவாகப் பதியும் 400 வேகச் சுருளுக்கு நண்பகலில் எஃப் 16 துவாரமும் 1/500 செக்கனும் வேண்டும், அந்த 1/500 தான் வயதான ஷட்டர்கள் எட்டாத வேகம். கறுப்பு வெள்ளைச் சுருள் கொஞ்சம் கூடுதலான ஒளியைப் பொறுத்துக்கொள்வதால் நான் பிழைத்துப் போகிறேன்.

இனி நியாயமாக மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தக் கமராவை வயிற்றோடு அணைத்து, குனிந்து பார்த்துத்தான் படமெடுக்க வேண்டும். முகத்துக்கு நேரே எதையும் நீட்டுவதில்லை. பதிவுக்கும் அட்டைக்கும் அறிக்கைக்கும் என்று பலமுறை படமெடுக்கப்பட்ட எங்கள் ஊர் முதியவர்கள், கமரா கண்ணுக்கு உயர்ந்தவுடன் முகத்தை இறுக்கிக்கொள்வார்கள். இதன் முன் அப்படி இறுகுவதில்லை. குனிந்து நிற்பவனை அவர்கள் மேலிருந்து பார்க்கிறார்கள், பேச்சையும் நிறுத்துவதில்லை. ஷட்டரின் ஓசையும் நகம் தட்டும் அளவுதான், புதுக்குடியிருப்பில் ஒரு அம்மா, சுருள் முழுவதும் முடிந்த பிறகு, “தம்பி, இன்னும் எடுக்கேல்லையோ?” என்று கேட்டார். இடப்பெயர்வுகளில் அல்பம் முழுவதையும் இழந்த வீடுகளுக்கு அந்தச் சதுரப் படங்களைப் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறேன். அதே முகங்களைக் கைப்பேசியில் எடுத்தபோது அவர்கள் எனக்குக் கிடைக்கவில்லை. நகரும் பொருளுக்கு மட்டும் இது உதவாது. திரையில் இடம் வலமாகத் தெரிவதால், வற்றாப்பளைப் பொங்கலன்று நடந்துவரும் காவடியைத் தொடரப் போய், எதிர்ப்பக்கத்துக் கூட்டத்தையே எடுத்துக்கொண்டு வருவேன்.

முன்பலகைத் தோலின் ஒரு மூலை இந்தக் கோடையில் மறுபடியும் எழும்பியிருக்கிறது. செருப்புத் தைப்பவரின் பசையைப் பூசினால் நன்றாகப் பிடிக்கும், ஆனால் மாரிக்கு முன் ஷட்டரைக் கழுவவேண்டியிருப்பதால் இருபக்க ஒட்டுநாடாவோடு விட்டுவைத்திருக்கிறேன்.