மார்சேயில் உச்சக் கோடை: கலாங்க் முன்பதிவு, கடல் படகு, கடற்கரை – ஒரு மதிப்புரை

ஜூலை, ஆகஸ்டில் பிரான்சின் மார்சேய் நகருக்குப் போகத் திட்டமிடுபவர்கள் வெயில் எவ்வளவு அடிக்கும் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். வெயிலைச் சமாளித்துவிடலாம். பகலில் 30, 31 டிகிரி. வெப்ப அலை வந்தால் 35ஐத் தாண்டும். பயணத்தை ஆக்குவதும் கெடுப்பதும் காற்று. ரோன் பள்ளத்தாக்கு வழியாக வடமேற்கிலிருந்து இறங்கிவரும் மிஸ்ட்ரல் காற்று கிளம்பிவிட்டால் மலைப்பாதைகளை மூடிவிடுவார்கள், படகுகள் நின்றுவிடும், நேற்றுவரை இதமாக இருந்த கடல் பல்லை நடுங்க வைக்கும். இந்த ஊர் கோடையில் தரும் சேவைகள் எப்படி என்று சொல்ல வேண்டுமானால், இந்தக் காற்றை அவை எப்படிக் கையாள்கின்றன என்று பார்க்க வேண்டும்.

முதலில் சுஜித்தோன் என்ற கலாங்க். கலாங்க் என்பவை வெள்ளைச் சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு நடுவே கடல் குறுகலாக உள்ளே புகுந்த குடாக்கள். மார்சேய்க்குத் தெற்கே தொடங்கி கசிஸ், லா சியோதா வரை நீளும் இந்தக் கரை 2012 முதல் தேசியப் பூங்கா. நகரப் பேருந்தில் போய் இறங்கி நடந்தே எட்டிவிடலாம் என்பதால் சுஜித்தோனில் மட்டும் உச்ச நாட்களில் 2,500 பேர் வரை குவிந்தார்கள். அத்தனை காலடியில் மேல்மண் பெயர்ந்து மழையோடு கடலுக்குப் போய்விட்டது. பாதை ஓரத்துப் பைன் மரங்களின் வேர்கள் முழங்கால் உயரத்துக்கு வெளியே தொங்குகின்றன. புதுக் கன்று ஊன்ற மண்ணே இல்லை. அதனால் 2022 கோடையிலிருந்து நாளொன்றுக்கு 400 பேர் என்று பூங்கா நிர்வாகம் வரம்பு வைத்து, முன்பதிவைக் கட்டாயமாக்கியது. பைசா கட்டணம் கிடையாது.

முன்பதிவு பூங்காவின் இணையதளத்தில்தான். போகவிருக்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பு காலையில் அந்த நாளுக்கான இடங்கள் திறக்கும். ஒரே பதிவில் எட்டுப் பேர் வரை சேர்க்கலாம். கியூஆர் கோடு மின்னஞ்சலில் வரும். அதைக் கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பாறைச் சரிவில் சிக்னலை நம்ப முடியாது. அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். பாதையில் காவலர்கள் நின்று சரிபார்க்கிறார்கள். பதிவு இல்லாமல் இறங்கினால் 68 யூரோ அபராதம். உச்சக் கோடையில் தினமும், அதற்கு முன்னும் பின்னும் வார இறுதிகளில் இந்த விதி நடப்பில் இருக்கும். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் நகரும் என்பதால் பூங்காவின் அட்டவணையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மூன்று நாள் முன்புதான் திறக்கிறார்களே, தூரத்திலிருந்து வருபவர்கள் என்ன செய்வது என்று பலரும் குறைப்படுகிறார்கள். எங்கள் கருத்தில் அந்த மூன்று நாள்தான் இந்த ஏற்பாட்டின் பலம். மிஸ்ட்ரல் எப்போது வரும் என்பதை அதற்கு முன்பு ஓரளவுக்கு மேல் கணிக்க முடியாது. ஒரு மாதம் முன்பே பதிவு செய்யவிட்டால் பாதி அனுமதிகள் காற்று நாட்களில் வீணாகும். நீங்கள் செய்ய வேண்டியது, மார்சேயில் குறைந்தது நான்கு இரவு வைத்துக்கொண்டு, எந்த நாள் சுஜித்தோன் என்பதைக் கடைசியில் முடிவு செய்வது. இரண்டே நாளுக்கு வருபவர்கள் சுஜித்தோனை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

அனுமதி கையில் இருந்தாலும் இன்னொரு வாசல் உண்டு. ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை மலைப்பகுதி முழுவதற்கும் தீ அபாயத்தைப் பொறுத்து தினமும் ஒரு நிறம் அறிவிக்கப்படும். சிவப்பு என்றால் அன்று நுழைவு கிடையாது; சுஜித்தோன் பதிவும் செல்லாது. மறுநாளின் நிறம் முந்தின நாள் மாலை ஆறு மணிவாக்கில் தெரிந்துவிடும். பூங்காவின் ‘மே கலாங்க்’ செயலியில் பார்க்கலாம். மீறினால் 135 யூரோ. கெடுபிடி அதிகம் என்று தோன்றினால் 2025 ஜூலை 8 நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்: நகருக்கு வடக்கே லே பென் மிராபோவில் ஒரு கார் தீப்பிடித்தது. காற்று அந்தத் தீயைச் சில மணி நேரத்தில் நகர எல்லைக்குள் கொண்டுவந்துவிட்டது, விமான நிலையத்தையே மூட வேண்டியதாயிற்று. மலைப்பகுதிக்குள் ஆண்டு முழுவதும் புகைபிடிக்கத் தடை இருப்பதும் இதனால்தான்.

நடைக்கு வருவோம். காஸ்தெலான் மெட்ரோ நிலையத்திலிருந்து பி1 பேருந்து லூமினி பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகிறது. அதுதான் கடைசி நிறுத்தம். அங்கிருந்து அகலமான காட்டுப்பாதை, ஒரு கணவாய், பிறகு கடல் வரை செங்குத்தான இறக்கம். போக ஒரு மணி நேரம் போதும். பலரும் தப்புக் கணக்குப் போடுவது திரும்பி வருவதில். ஏறத்தாழ 200 மீட்டர் ஏற்றம், குளித்துக் களைத்த உடம்போடு, நண்பகல் வெயிலில். வெள்ளைப் பாறை வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். பாதையின் மேல்பகுதியில்தான் மரநிழல். உள்ளே குடிநீர்க் குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, குப்பைத்தொட்டியும் இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் என்பது குறைந்தபட்சம். அதில் ஒரு லிட்டரைத் திரும்பும் ஏற்றத்துக்கென்று தொடாமல் வையுங்கள். இறக்கத்தில் பாறை ஆயிரக்கணக்கான கால்கள் பட்டு வழவழவென்று ஆகியிருக்கிறது. ரப்பர் செருப்போடு இறங்குபவர்கள் வழுக்கி விழுவது அங்கேதான். அடிப்பாகத்தில் நல்ல பிடிப்புள்ள ஷூ போட்டுக்கொண்டு, தண்ணீருக்குள் இறங்க ஒரு ஜோடி ரப்பர் ஷூவைப் பையில் வையுங்கள். கீழே மணல் அதிகம் இல்லை, கூழாங்கல்லும் பாறையும்தான். கடல் முள்ளெலிகளும் உண்டு.

நேரத்தைப் பொறுத்தவரை இரண்டு வழி. காலை ஏழு மணிக்குள் லூமினியில் இருந்து, பதினொன்றுக்குள் மேலே ஏறிவிடுவது. அல்லது மாலை ஐந்துக்கு மேல் இறங்குவது. ஜூலையில் ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும் என்பதால் இரண்டாவது வழியில் கூட்டமும் குறைவு, ஏற்றமும் நிழலில். பதினொன்றிலிருந்து நான்கு வரை அந்தப் பாதையில் இருக்கவே கூடாது. அனுமதி கிடைக்காதவர்கள் சுஜித்தோன் காட்சிமேடை வரை போகலாம். அதற்கு முன்பதிவு தேவையில்லை, சிவப்பு நாளாக இல்லாமல் இருந்தால் போதும். கீழே இறங்குவதைவிட மேலிருந்து பார்க்கும் காட்சிதான் பெரிது என்று சொல்லவும் நியாயம் உண்டு.

மணல் வேண்டும் என்றால் சோர்மியூ என்ற இன்னொரு கலாங்க். கோடையில் அதன் சாலை வெளி வாகனங்களுக்கு மூடப்படுகிறது, ஆகவே வாடகைக் கார் எடுத்தும் பயனில்லை. 23ஆம் எண் பேருந்தில் லா கயோல் வரை போய், தார்ச்சாலையில் ஏறி இறங்க வேண்டும். நிழல் மிகக் குறைவு. முன்பதிவு கிடையாது, தீ நிறம் மட்டும் பொருந்தும்.

அடுத்து, நகரப் போக்குவரத்து நிறுவனமான ஆர்டிஎம் நடத்தும் கடல் படகு. ஏப்ரல் கடைசி முதல் செப்டம்பர் வரை பழைய துறைமுகத்திலிருந்து தெற்கே புவாந்த் ரூஜுக்கும் வடக்கே லெஸ்தாக்குக்கும் ஓடுகிறது. ஒரு வழிக்கு ஏறத்தாழ நாற்பது நிமிடம். கடலோரக் கோர்னிஷ் சாலையில் பேருந்து ஊர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் அதே கரையைக் கடலிலிருந்து பார்த்துக்கொண்டு போகலாம். சாதாரணப் பேருந்துச் சீட்டு இதில் செல்லாது, படகுக்குத் தனிச் சீட்டு. இருக்கைக்கு முன்பதிவு இல்லை, இதுதான் குறை. போகும்போது இடம் கிடைத்துவிடும். மாலையில் கடற்கரையை விட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்ப, புவாந்த் ரூஜ் படகுத்துறையில் வரிசை வளைந்து நிற்கும், நிரம்பியதும் படகு கிளம்பிவிடும். ஆகையால் போவதற்குப் படகு, திரும்புவதற்கு 19ஆம் எண் பேருந்து என்று வைத்துக்கொள்வது நல்லது. அது காஸ்தெலானுக்கே வந்துவிடும். காற்றோ அலையோ மிகுந்தால் படகு ரத்து. அறிவிப்பு சில சமயம் காலையில்தான் வருகிறது.

ஃபிரியூல் தீவுகளுக்கும் ஷாத்தோ தீஃப் கோட்டைக்கும் பழைய துறைமுகத்திலிருந்தே வேறு படகு. இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கோட்டைத் தீவின் இறங்குதுறை அலைக்குத் திறந்தது. மிதமான காற்றிலேயே அங்கே இறங்க விடமாட்டார்கள், ஆனால் ஃபிரியூல் துறைமுகத்துக்குப் படகு போய்க்கொண்டிருக்கும். கோட்டைதான் முக்கியம் என்றால், சீட்டு வாங்கும் முன் கவுன்டரில் அன்றைக்கு அங்கே இறங்க முடியுமா என்று நேராகக் கேளுங்கள். கோட்டை நுழைவுக் கட்டணமும் படகுக் கட்டணத்தில் அடங்காது. ஃபிரியூலில் மரம் என்று சொல்ல ஏதுமில்லை. குடையோ தொப்பியோ இல்லாமல் போகாதீர்கள்.

கடற்கரைகளுக்குள் கத்தலான் பழைய துறைமுகத்துக்கு மிக அருகில், மணல், சிறியது. காலை பத்துக்கு மேல் துண்டு விரிக்க இடம் தேட வேண்டும். பிராடோ கடற்கரைகள் 1970களில் மெட்ரோ தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கியவை. பெரியவை, புல்வெளி உண்டு, குழந்தைகளோடு போக ஏற்றவை. இரண்டுக்கும் 83ஆம் எண் பேருந்து போகிறது. கொடியைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்: பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லோருக்கும் தெரிந்தது, ஊதாக் கொடி பறந்தால் நீர் மாசுபட்டிருக்கிறது என்று பொருள். கோடையில் திடீர் இடிமழை பெய்த மறுநாள் இதை எதிர்பார்க்கலாம், ஏனென்றால் தெருக்களைக் கழுவிய நீர் கடலுக்குத்தான் வருகிறது.

கடல் நீரின் சூடு பற்றி வருகையாளர்கள் ஏமாறுவது அதிகம். காற்றில்லாத வாரத்தில் 24, 25 டிகிரி இருக்கும். மிஸ்ட்ரல் அடித்ததும் கரையிலிருந்து மேல்நீரை வெளிக்கடலுக்குத் தள்ளிவிடுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்நீர் மேலே வருகிறது. ஓரிரு நாளில் 17 டிகிரிக்கு இறங்கிவிடும். வானம் நீலமாக, வெயில் சுள்ளென்று, கடல் மட்டும் பனிக்கட்டிபோல. காற்று நின்று சில நாள் ஆன பிறகுதான் நீர் பழைய நிலைக்கு வரும். ஆகவே நீச்சலுக்கு காற்று நின்ற மறுநாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த நாளை மலை நடைக்குக் கொடுங்கள். தூசியெல்லாம் அடித்துப்போன பிறகு பார்வை எட்டும் தூரமும் அன்றுதான் அதிகம்.

காற்றடிக்கும் நாளுக்கென்று ஒரு திட்டம் தயாராக இருந்தால் ஒன்றும் இழப்பில்லை. 2013இல் திறக்கப்பட்ட முசெம் அருங்காட்சியகத்தின் மேல்தளமும், 115 மீட்டர் நடைபாலத்தின் வழியாகச் சேரும் சேன் ழான் கோட்டையும் இலவசம்; கண்காட்சிக்கு மட்டும் சீட்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறை. பக்கத்திலேயே, ஆதிமனிதர் ஓவியங்கள் கொண்ட கோஸ்கேர் குகையின் நகல், 2022 முதல். மூலக் குகையின் வாய் கடலுக்கு அடியில் 37 மீட்டர் ஆழத்தில் இருப்பதால் பொதுமக்கள் பார்க்க முடியாது. இந்த நகலே வழி. நேரம் குறித்த சீட்டு, குளிரூட்டிய இடம், பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரைக்குப் பொருத்தம். நோத்ர தாம் த லா கார்த் தேவாலயத்துக்கு 60ஆம் எண் பேருந்து ஏறுகிறது. குன்றின் உச்சியில் காற்று ஆளைத் தள்ளும், தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

தங்குமிடம் காஸ்தெலான் அருகே கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மெட்ரோ வழிகளும் அங்கே சந்திக்கின்றன, பி1, 19 இரண்டும் அங்கிருந்தே கிளம்புகின்றன. பழைய அடுக்குமாடி வீடுகளில் ஏசி இருப்பது வழக்கம் இல்லை. விளம்பரத்தில் குறிப்பிடாவிட்டால் கேட்டு உறுதி செய்யுங்கள். பகலில் மரச் சட்டக் கதவுகளை மூடி, இரவு திறப்பதுதான் அங்குள்ளவர்கள் வழக்கம்; அதைப் பின்பற்றினால் மூன்று நான்கு டிகிரி மிச்சம்.

சேவைகளுக்கு எங்கள் மதிப்பீடு: சுஜித்தோன் முன்பதிவு மிக நன்று, இந்தக் கரையில் இருப்பவற்றுள் நேர்மையானது. தீ நிற அறிவிப்பு நம்பகமானது. கடல் படகு இனிமையானது, ஆனால் மாலை நேரத்துக்கு நம்ப முடியாதது. சுஜித்தோனுக்குப் பதிவு செய்துவிட்டுப் போக முடியாமல் போனால் தயவுசெய்து ரத்து செய்யுங்கள். நாளொன்றுக்கு 400 இடம்தான். நீங்கள் விட்டுக்கொடுத்தால் அன்றே வேறொரு குடும்பம் இறங்கும்.