கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரி: அள்ளலாம், ஆனால் பார்த்து அள்ளுங்கள்

சேர்ந்திசைக் குழுவில் நாற்பது பேர் இருந்தால் நான்கு பக்கப் பாட்டுக்கும் நாற்பது பிரதி வேண்டும். சம்பளமில்லாமல் மாலையில் கூடிப் பாடும் குழுக்களுக்கு இந்தச் செலவே முதல் தடை. அதை உடைத்தது கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரி, சுருக்கமாக சிபிடிஎல், என்ற இலவச இசைத்தாள் இணையதளம். 1998 டிசம்பரில் ராஃபேல் ஓர்னஸ் தொடங்கிய இந்தத் தளம் 2005 முதல் விக்கியாக இயங்குகிறது. காப்புரிமை தீர்ந்த பாடல்களைத் தன்னார்வலர்கள் கணினியில் அடித்து ஏற்றுகிறார்கள்.

குரல் வகைப்படி தேடுவது இதன் பெரிய பலம். டெனர் (உயர்ந்த ஆண் குரல்) ஆள் கிடைக்கவில்லையா? சொப்ரானோ (உயர்ந்த பெண் குரல்), ஆல்டோ (தாழ்ந்த பெண் குரல்), பேஸ் (தாழ்ந்த ஆண் குரல்) என்ற மூன்று குரல் பட்டியலுக்குப் போய்விடலாம்.

பிடிஎஃப் மட்டும் எடுத்துவிட்டு நகராதீர்கள். இசைக்குறிப்பைத் திருத்தக்கூடிய வடிவில் தரும் மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பு இருந்தால் அதை மியூஸ்ஸ்கோர் என்ற இலவச இசைக்குறிப்பு மென்பொருளில் திறந்து, மிக்ஸரில் ஆல்டோவை முழுச் சத்தத்தில் விட்டு மற்றவற்றைப் பாதிக்குக் கீழே இறக்கி, வேகத்தையும் கொஞ்சம் குறைத்து ஆடியோவாக மாற்றுங்கள். நான்கு குரலுக்கும் இப்படிச் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நொட்டேஷன் படிக்கத் தெரியாதவரும் பயிற்சிக்குத் தயாராக வருவார். யாரையும் சேர்த்துக்கொள்ளும் குழுவுக்கு இதுதான் உயிர்நாடி.

இனி வம்பு. ஏற்றப்படும் தாள்களை யாரும் ஒழுங்காகச் சரிபார்ப்பதில்லை. 1605இல் வெளியான ஆங்கிலேய இசையமைப்பாளர் வில்லியம் பேர்டின் ‘ஆவே வேரும் கார்புஸ்’ என்ற லத்தீன் பாடல் ஓர் உதாரணம். ஜி மைனரில் பாடினால், தொடக்கத்தில் சொப்ரானோவின் எஃப் ஷார்ப்பும் அதைவிட அரை ஸ்வரம் தாழ்ந்த பேஸின் எஃப் நேச்சுரலும் அடுத்தடுத்து வந்து உரசும். பாட்டின் அழகே அங்கேதான். அடித்தவர் அதைப் பிழையென்று நினைத்து ‘திருத்தி’விட்டால் போச்சு. ஒரே பாட்டுக்குப் பல பதிப்புகள் இருக்கும். சுருதி வேறு, ஸ்வர நீளம் பாதியாக்கப்பட்டிருக்கும், பார் (தாளில் கோடிட்டுப் பிரித்த தாளப் பகுதி) எண்ணும் ஒத்துப்போகாது. ஆளாளுக்கு ஒன்றை இறக்கிக்கொண்டு வந்தால் “இருபதாவது பார்” என்றதும் நான்கு இடத்தில் தொடங்குவார்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் சிபிடிஎல் எண் உண்டு. அந்த எண்ணைச் சொல்லி அனுப்புங்கள். மொத்தமாக அச்சடிக்கும் முன் குரலுக்கு ஒருவரை உட்கார வைத்துப் பாடிப் பார்ப்பது நல்லது.

உரிமை வரியையும் படியுங்கள். ‘சிபிடிஎல்’ என்றிருந்தால் நகலெடுக்கலாம், மேடையில் பாடலாம். ‘பர்சனல்’ என்றிருந்தால் பதிப்பாளரின், அதாவது தாளை அடித்து ஏற்றியவரின், நிபந்தனையைப் பார்த்தாக வேண்டும். பல நாடுகளில் படைப்பாளர் இறந்து 70 ஆண்டு கழித்தே காப்புரிமை தீரும். சில நாடுகளில் அதற்கு முன்பே. தளத்தில் இருப்பதாலேயே உங்கள் ஊரில் இலவசம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அமெரிக்க லெட்டர் அளவுத் தாளுக்கு அமைத்ததை ஏ4இல் அடிக்கும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலம், அதையடுத்த பரோக் காலம் இரண்டின் இசைக்கும் தாராளமாக இங்கே வரலாம். சமகாலப் படைப்புகளுக்குப் பெரும்பாலும் பதிப்பகத்திடம் காசு கொடுத்து வாங்குவதே வழி. பிழை கண்டால் பதிப்பாளருக்கு எழுதுங்கள். அவர் திருத்திய கோப்பை ஏற்றினால் புதிதாகச் சேர்பவர் கையில் வேறு தாள் இருக்கும் என்பதால், இறக்கிய தேதியைப் பிரதியின் மூலையில் குறித்து வையுங்கள்.