குறுக்கு வழியில் ஓடிய டயானா

2017-இல் வந்த 'வொண்டர் வுமன்' படத்தில் ஒரு காட்சி. முதல் உலகப் போர், பெல்ஜியம். பதுங்குகுழிக்குள் ஒரு படைப்பிரிவே ஏறக்குறைய ஓராண்டாக முடங்கிக் கிடக்கிறது. தலையைத் தூக்கினால் குண்டு. இதைக் கடக்க யாராலும் முடியாது என்று அவளுடைய காதலன், விமானி ஸ்டீவ் சொல்லி வாய் மூடுவதற்குள், வொண்டர் வுமனான டயானா ஏணியில் கால் வைத்து மேலே ஏறிவிடுகிறாள். முதல் குண்டைக் கைக்காப்பில் தடுக்கிறாள்; பிறகு கேடயத்தை முன்னால் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். நான் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு ஓட்டமும் கைப்பந்தும் சொல்லிக்கொடுப்பவள். அந்தப் படம் வந்த சமயத்தில் என் மாணவிகள் இரண்டு மணிக்கட்டையும் குறுக்கே வைத்துக்கொண்டுதான் மைதானத்தில் அலைந்தார்கள்.

அதனால்தான் இரண்டாம் பாகமான 'வொண்டர் வுமன் 1984' மீது எனக்கு இவ்வளவு ஆதங்கம். இயக்குநர் அதே பேட்டி ஜென்கின்ஸ், நாயகி அதே கேல் கடோட். கொரோனாவால் தள்ளித் தள்ளிப் போய், 2020 டிசம்பர் 24 அன்று இந்தியாவில் வெளியானது. தமிழ்நாட்டில் தியேட்டர்கள் மறுபடி திறந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. பாதி இருக்கைகளுக்கே அனுமதி. திருச்சியில் முகக்கவசத்தோடு, ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில், அக்கா மகளை அழைத்துக்கொண்டு போய்த் தமிழ் டப்பிங்கில் பார்த்தேன்.

தொடக்கம் பிரமாதம். பெண்கள் மட்டுமே வாழும் தன் தீவில், சிறுமி டயானா அமேசான் எனப்படும் வீராங்கனைகளோடு போட்டி போடுகிறாள். தன்னைவிட மிகவும் மூத்த பெண்களை முந்திக்கொண்டு ஓடி, நீந்தி, குதிரையேறி, அம்பெய்து முதலிடத்தில் போகிறாள். ஓரிடத்தில் பின்னால் வருகிறவர்களைத் திரும்பிப் பார்க்கிறாள். மரக்கிளை இடித்துக் கீழே விழுகிறாள். நாங்கள் பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்துவது அதைத்தான்: ஓடும்போது திரும்பாதே. எழுந்தவள் ஒரு சரிவில் சறுக்கி இறங்கி, குறுக்கு வழியாகத் தன் குதிரையைப் பிடித்துவிடுகிறாள். ஆனால் வழியில் அடிக்க வேண்டிய இலக்கு ஒன்று விட்டுப்போகிறது. அரங்கத்துக்குள் வந்து கடைசி ஈட்டியை எறியக் கையை ஓங்கும்போது, அவளுடைய சித்தியும் பயிற்சியாளருமான ஆன்டியோப்பி பிடித்து இழுத்து நிறுத்திவிடுகிறாள். நீ குறுக்கு வழியில் வந்தாய், அதுதான் உண்மை என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். ஆன்டியோப்பியாக நடித்த ராபின் ரைட் அந்தக் கண்டிப்பில் வெறுப்பைக் கலக்கவே இல்லை. தோற்ற பிள்ளையிடம் எப்படிப் பேச வேண்டும் என்று பயிற்சியாளர்களுக்கே பாடம் எடுக்கலாம் போலிருந்தது. பாதி நிரம்பிய அந்தத் தியேட்டரில் நல்ல கைதட்டல். நானும் தட்டினேன்.

அதற்குப் பிறகுதான் கோளாறு. கதை 1984-ஆம் ஆண்டு வாஷிங்டனுக்குத் தாவுகிறது. டயானா ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வேலை செய்கிறாள். வேண்டியதையெல்லாம் கொடுத்து, பதிலுக்கு அருமையான ஒன்றைப் பறித்துக்கொள்ளும் பழைய கல் ஒன்று அங்கே வந்து சேர்கிறது. முதல் படத்தில் இறந்துபோன ஸ்டீவை டயானா மனதில் நினைக்க, அவன் வந்து நிற்கிறான். குறுக்கு வழி வெற்றி வெற்றியே அல்ல என்று சொல்லித் தொடங்கிய படம், கதையில் முடிச்சு விழுந்த இடத்திலெல்லாம் தானே குறுக்கு வழியில் இறங்கிவிடுகிறது. முதல் உலகப் போர் விமானி ஸ்டீவ், எண்பதுகளின் ஜெட் விமானத்தைப் பயிற்சியே இல்லாமல் ஓட்டுகிறான். ரேடாரில் சிக்காமல் தப்ப வேண்டுமா? பொருட்களை மறைக்கும் சக்தி தனக்கு உண்டு என்று டயானாவுக்கு அந்த நிமிடம் ஞாபகம் வருகிறது. மறைந்த விமானம் சுதந்திர தின வாணவேடிக்கைக்கு நடுவே பறக்கும் காட்சி கண்ணுக்கு அழகுதான். ஆனால் ஒரு திறமையை உழைத்துச் சம்பாதிப்பதைக் காட்டிய கைகளே அதை இனாமாகக் கொடுக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

உலகம் முழுக்கப் பார்வையாளர்கள் அதிகம் கொதித்தது ஸ்டீவ் திரும்பி வந்த விதத்துக்காகத்தான். அவன் தன் சொந்த உடலோடு வரவில்லை. யாரோ ஒரு இளைஞனின் உடலுக்குள் வருகிறான். டயானாவின் கண்ணுக்கும் நம் கண்ணுக்கும் கிறிஸ் பைன் தெரிகிறார்; கண்ணாடியில் தெரிவது அந்த வேறு மனிதன். அவனுடைய வீட்டில் தங்குகிறார்கள், அவனுடைய சட்டைகளைப் போட்டுப் பார்க்கிறார்கள், அவனுடைய கட்டிலில் தூங்குகிறார்கள். பாத்திரப் பட்டியலில்கூட அவனுக்குப் பெயர் கிடையாது, அழகான ஆள் என்று மட்டும் குறித்திருக்கிறார்கள். இடைவேளையில் அக்கா மகள் பாப்கார்னைக் கையில் வைத்துக்கொண்டு, "சித்தி, அந்த ஆள் எங்கே போனார்? அவருடைய அம்மா தேட மாட்டார்களா?" என்று கேட்டாள். "இரு, படம் சொல்லும்" என்றேன். படம் கடைசிவரை சொல்லவில்லை. முடிவில் பனி விழும் தெருவில் டயானா அவனைச் சந்திக்கிறாள், உடையைப் பாராட்டுகிறாள், போய்விடுகிறாள்.

இதைச் சில்லறை விஷயம் என்று தள்ளுகிறவர்களோடு நான் உடன்பட மாட்டேன். உன் உடம்பு உன்னுடையது, உன் சம்மதமில்லாமல் யாரும் தொடக் கூடாது என்று ஒவ்வோர் ஆண்டும் என் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்கிறேன். பள்ளி திறந்த பிறகு அவர்களிடம் இந்தப் படத்தைப் பற்றிப் பேசியபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "அது ஒரு பெண்ணின் உடம்பாக இருந்திருந்தால் எடுத்திருப்பார்களா, டீச்சர்?" என்றாள். படத்தின் திரைக்கதையை எழுதியவர்களில் ஒருவராவது அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். எதிரியையும் மனிதனாகப் பார்க்கிற டயானாவா, இந்த மனிதனைப் பற்றி ஒரு வார்த்தைகூட விசாரிக்காமல் இருப்பாள்?

மாணவிகளின் மனம் போன இன்னோர் இடம் பார்பரா. கிறிஸ்டன் விக் அருமையாக நடித்திருக்கிறார். அருங்காட்சியகத்தில் வேலை செய்யும், யார் கண்ணிலும் படாத ஆராய்ச்சியாளர் அவள். பூங்காவில் வீடில்லாத ஒருவருக்குச் சாப்பாடு கொடுக்கும் நல்ல மனம். டயானாவைப்போல் ஆக வேண்டும் என்று அவள் ஆசைப்படுகிறாள், கல் கொடுத்துவிடுகிறது. முன்பு இரவில் தன்னிடம் அத்துமீறிய குடிகாரன் மறுபடி எதிரில் வரும்போது, இந்த முறை அவனைப் புரட்டி எடுக்கிறாள். அந்த வீடில்லாத மனிதரே ஓடிவந்து நிறுத்தச் சொல்லும் அளவுக்கு அடிக்கிறாள். என் பிள்ளைகளில் பாதிப் பேர் பார்பரா பக்கம்தான் நின்றார்கள். கோபம் எங்கே நியாயம், எங்கே வெறி என்று படம் அந்தத் தெருவிலேயே நின்று பேசியிருந்தால் முதல் பாகத்தை மிஞ்சியிருக்கும். அதற்குப் பதிலாக அவளைச் சிறுத்தைப் பெண்ணாக்கி, இருட்டில் கணினி வரைகலைச் சண்டை ஒன்றில் தள்ளிவிட்டார்கள். யார் கை, யார் கால் என்றே தெரியவில்லை. போஸ்டர் போஸ்டராகக் காட்டிய தங்கக் கவசத்தின் இறக்கைகளும் அதே சண்டையில் கிழிந்துபோகின்றன.

வில்லன் மேக்ஸ் லார்டாக வரும் பெட்ரோ பாஸ்கல் பரவாயில்லை. தோற்றுப்போன தொழிலதிபரின் பதற்றம் அவர் வியர்வையிலேயே தெரிகிறது. கெய்ரோவையும் அரபு எண்ணெய் முதலாளியையும் காட்டிய விதத்தை அந்தப் பகுதிப் பார்வையாளர்கள் கண்டித்தார்கள். அது நியாயமான கண்டனம்.

வசூலை வைத்து இந்தப் படத்தை எடை போடுவது சரியல்ல. முதல் பாகம் உலகெங்கும் 82 கோடி டாலர் ஈட்டியது, இது 17 கோடியைக்கூடத் தொடவில்லை என்பது உண்மைதான். ஆனால் பல நாடுகளில் தியேட்டர்களே மூடிக் கிடந்தன. அமெரிக்காவில் தியேட்டருக்கு வந்த அதே நாளில் எச்பிஓ மேக்ஸ் என்ற ஓடிடி தளத்திலும் வந்துவிட்டது. தொற்றைக் காரணமாகக் காட்ட முடியாத கணக்கு வேறொன்று இருக்கிறது. அமெரிக்கத் தியேட்டர்களில் படம் பார்த்தவர்களிடமே மதிப்பெண் கேட்கும் சினிமாஸ்கோரில் முதல் பாகம் 'ஏ' வாங்கியது, இது 'பி பிளஸ்'. சூப்பர் ஹீரோ படங்களுக்கு அது குறைவு. விமர்சகர்களும் முதலில் பாராட்டிவிட்டுப் பிறகு சுருதி குறைத்தார்கள். விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 80 சதவீதத்துக்கு மேல் தொடங்கியது 60-க்குக் கீழே இறங்கியது. மூன்றாம் பாகம் கைவிடப்பட்டதாக 2022 டிசம்பரில் செய்தி வந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இந்த நாயகி ஒரு தோல்வியோடு ஓய்வு பெற வேண்டியவள் அல்ல.

ஏனென்றால் இந்தப் படத்துக்குள்ளேயே அவள் யார் என்பதற்கு இன்னொரு சான்று இருக்கிறது. ஸ்டீவைக் கொடுத்துவிட்டுக் கல் பறித்துக்கொண்ட அவளுடைய சக்தி திரும்ப வேண்டுமென்றால், அவனை விட்டுக்கொடுக்க வேண்டும். வாஷிங்டன் தெருவில், சுற்றிலும் கலவரத்துக்கு நடுவே, அழுதுகொண்டே விடைபெற்று நடக்கிறாள். நடை ஓட்டமாகிறது. ஓட்டம் தாவலாகிறது, காற்றைப் பற்றி ஸ்டீவ் சொன்னது காதில் ஒலிக்க, வானத்தில் ஏறிவிடுகிறாள். சிறுமியாகப் பந்தயத்தில் திரும்பிப் பார்த்து விழுந்தவள், இப்போது திரும்பாமல் ஓடி எழுகிறாள். யாரும் இந்தத் தொடர்பைப் பேசிக் கேட்கவில்லை. எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது. கேல் கடோட்டின் நடிப்பைக் குறை சொன்னவர்கள் இந்த ஒரு காட்சியை மறுபடி பார்க்கட்டும்.

5-க்கு 2 மதிப்பெண். இரண்டும் அந்தத் தொடக்கப் போட்டிக்கும் இந்த ஓட்டத்துக்கும். வீட்டில் பார்ப்பவர்கள் ஆன்டியோப்பி காட்சி வரை பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். முழுப் படத்தையும் பார்ப்பதென்றால், அந்தப் பெயரில்லாத மனிதனைப் பற்றி அவர்கள் கேட்கும்போது டிவியை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள். எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் அணைத்துவிட வேண்டாம். எழுபதுகளில் தொலைக்காட்சியில் வொண்டர் வுமனாக நடித்த லிண்டா கார்ட்டர் அதற்குப் பிறகுதான் வருகிறார்.