எடையா, எழுத்தா, உருவமா? டப்பாவில் கிடந்த பழங்காசுகள்

யாங்கோனில் எங்கள் அப்பாயி விட்டுப்போன தகர டப்பாவில் இரண்டு வகை வெள்ளிக்காசுகள் இருந்தன. ஒன்று விக்டோரியா ராணி தலை போட்ட ரூபாய். மற்றது பர்மாவை ஆண்ட மிண்டோன் மன்னரின் மயில் காசு. பர்மியர் 'டவுங் டிங்கா' என்பார்கள். இவற்றை எதை வைத்து அடையாளம் காண்பது?

ஆண்டைப் படித்தால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். இந்த இரண்டிலும் அதுவே காலை வாரிவிடும். மயில் காசில் பர்மிய எண்களில் 1214 என்றிருக்கும். நம் கணக்குக்கு 1852-53, மிண்டோன் அரியணை ஏறிய காலம். ஆனால் அவர் தலைநகரான மாண்டலே உருவானதே 1857-இல்தான். அங்கே காசு அடிக்கத் தொடங்கியது 1865-இல். அப்போதும் அதே 1214தான். ரூபாயும் அப்படியே: 1862 என்று பொறித்ததை 1874 வரை அடித்தார்கள். ரூபாயில் எண்ணைவிட எழுத்து நல்ல துணை. 'குயின்' என்றிருந்தால் முந்தியது. 'எம்ப்ரஸ்' என்றால் 1877 முதல்.

சரி, எடை? மயிலா ராணியா என்று அது சொல்லாது. இரண்டும் ஒரு தோலா, 11.66 கிராம், வெள்ளி நூற்றுக்கு 91.7. ஆனால் போலியைப் பிடிக்க எடையைத்தான் நான் நம்புவேன். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: மயில் காசின் பெயரும் கியாட், பர்மிய நகைக்கடை எடையின் பெயரும் கியாட். கடை கியாட் சுமார் 16.3 கிராம். அதோடு ஒப்பிட்டு நல்ல காசை 'எடை குறைவு' என்று தள்ளிவிடாதீர்கள். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்தது எடை கூடும், தேய்ந்தது குறையும்.

அதனால் தண்ணீர்ச் சோதனையும் செய்யுங்கள். நகைத் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முங்கவிடுங்கள். தேயாத காசுக்கு 1.13 கிராம் பக்கம் ஏறினால் வெள்ளிக்கு ஒத்துவரும். அதே எடையில் வெள்ளி முலாம் பூசிய பித்தளை என்றால் 1.37 பக்கம் போய்விடும். காந்தம் இரும்பு, நிக்கல் போன்றவற்றை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

உருவம் வேறு எதுவும் கைகொடுக்காத இடத்தில் உதவுகிறது. பர்மாவில் பழங்காலத்தில் வாழ்ந்த பியூ மக்களின், ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய வெள்ளிக்காசில் மன்னர் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. ஒரு பக்கம் உதயசூரியன், மறுபக்கம் ஸ்ரீவத்சம் என்ற மங்கலச் சின்னம், அவ்வளவுதான். சந்தையில் அப்படி ஒன்றை ஆசையாக வாங்கினேன். வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் மேற்பரப்பு முழுக்கக் குமிழிப் பள்ளம், விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு. அச்சில் அடித்த காசில் அது வராது; வார்த்த போலி. அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

நல்ல காசாகவே இருந்தாலும் உருவத்துக்கு ஓர் எல்லை உண்டு. இதே சூரியனும் ஸ்ரீவத்சமும் தாய்லாந்திலும் வியட்நாமின் ஓக் ஏயோ என்ற பழைய ஊரிலும் கிடைத்திருக்கின்றன. எங்கே எடுத்தது என்று தெரியாமல் ஒன்று என்னிடம் வந்தால், உறையின் மேல் 'உதயசூரியன் வகை' என்று மட்டும் எழுதுவேன். ஸ்ரீ க்ஷேத்ரா என்றோ ஹாலின் என்றோ பியூ நகரங்களின் பெயரைப் போடமாட்டேன்.