‘நகர மையத்தில்’ என்ற ஹோட்டல் செபாங்கில் இருந்தது

எங்கள் ஒழுங்கையில் மூன்று குடும்பம் டிசம்பர் டூருக்கு முற்பணம் கட்டப் போகிறார்களாம். எங்களைக் கோலாலம்பூருக்கு அனுப்பிய அதே டூர்க்காரர்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன ஆவணியில் திருகோணமலையிலிருந்து 18 பேர் கோலாலம்பூர் போனோம். 4 இரவு, வழிகாட்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். “இரட்டைக் கோபுரத்துக்கு நடந்தே போகலாம் அண்ணை” என்று எங்கள் விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொன்னவர் அந்த டூர்க்காரர். இறங்கிய இடம் செபாங். விமான நிலையம் இருக்கிற பக்கம். கேட்டால், பயண விவரத் தாளில் ஹோட்டல் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ‘அல்லது அதே தரத்திலான ஹோட்டல்’ என்று இருந்ததைக் காட்டினார்கள். தரம்தானாம், இடம் இல்லையாம். விடுமுறையில் பாதி பஸ்ஸிலேயே போனது.

கோபுரத்துக்குக் கூட்டிப்போனது திங்கட்கிழமை. இரண்டு கோபுரங்களையும் 41ஆம், 42ஆம் மாடிகளில் இணைக்கும் பாலம் அன்று பூட்டு. வழிகாட்டிக்கு இது தெரியாதா? அவர்களுக்கு டிக்கெட் காசு மிச்சம், அவ்வளவுதான். வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தோம்.

அம்மா சைவம். புறப்பட முன்பே இரண்டு தரம் சொன்னோம். முதல் நாள் மதியம் அவருக்கென்று வந்த பெட்டியைத் திறந்தால், எங்களுடைய அதே சோறு, கோழித் துண்டை மட்டும் எடுத்திருந்தார்கள். குழம்பு அப்படியே ஊறிப்போயிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்துவிட்டு பிஸ்கட் சாப்பிட்டார். அப்புறம் நான்கு நாளும் பாணும் வாழைப்பழமும்தான்.

அம்மா இந்தப் பயணத்துக்கு ஒத்துக்கொண்டதே பத்துமலைக்காக. காலை எட்டு மணிக்கு என்று தாளில் இருந்தது. வழியில் சாக்லேட் கடை, அப்புறம் பத்திக் துணிக்கடை. முருகன் சிலையடியில் பஸ் நின்றபோது உச்சி வெயில், தந்தது 40 நிமிடம். படி 272. கோணேசர் கோயில் ஏற்றத்தையே நின்று நின்று ஏறுகிற மனுசி. கீழே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

இனிக் காசுக் கதை. ஹோட்டலில் சுற்றுலா வரி என்று ஆளுக்கு இரவுக்கு 10 ரிங்கிட் வழிகாட்டி கையில் வாங்கினார். கடைசி நாள் சாவி கொடுக்கும்போதுதான் மேசையில் இருந்த அறிவித்தலைப் பார்த்தேன்: அந்த 10 ரிங்கிட் ஓர் அறைக்கு. 9 அறைக்கு 360 கட்ட வேண்டிய இடத்தில் எங்களிடம் எடுத்தது 720.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடலாம் என்று யோசித்தேன். காட்டுவதற்குப் பற்றுச்சீட்டு? எங்களிடம் இருப்பது டூர்க்காரருடைய வாட்ஸ்அப் குரல் பதிவுகள் மட்டும். ஊருக்கு வந்து கேட்டதற்கு, “அது அங்கத்தை ஆட்கள் செய்த வேலை அண்ணை, அடுத்த டூரில் கழிச்சு விடுறன்” என்றார்.