சர்வரை மூடிய பிறகு ஒரு கார்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

"அண்ணே, நீங்க வச்சிருக்கிற அதே மாடல், அதே டாப் எண்ட், செகண்ட் ஹேண்ட்ல நல்ல விலைக்கு வருது, எடுக்கலாமா?" என்று என் சகலை போன வாரம் கேட்டார். எடுக்க வேண்டாம் என்று ஒரே வரியில் பதில் அனுப்பினேன். "ஏண்ணே, வண்டி தொந்தரவு பண்ணுதா?" என்று உடனே அடுத்த கேள்வி வந்தது. வண்டி எந்தத் தொந்தரவும் செய்யவில்லை. அதை ஒரு வரியில் விளக்க முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

காரின் பெயரை எழுதப் போவதில்லை. பெயரைப் போட்டால் எந்த பிராண்டு உயர்ந்தது என்ற சண்டையில் பேச்சு முடிந்துவிடும். பெட்ரோல் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர், காருக்குள்ளேயே பதித்த இ-சிம்மோடு வந்த, செல்பேசி ஆப்பிலிருந்து இயக்கக்கூடிய "கனெக்டட்" வகை என்ற அளவு போதும். எங்கள் வீடு மதுரை கே.கே. நகரில் இருக்கிறது. வேலை திருமங்கலம் பக்கம் என்பதால் தினமும் ரிங் ரோடு, கப்பலூர் வழியாகப் போய்வருகிறேன். மாதத்தில் ஓரிரு முறை உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டித் தேனிக்கும் ஓடுகிறது. எஞ்சினைப் பற்றியோ கியர்பாக்ஸைப் பற்றியோ சொல்ல ஒரு குறையும் இல்லை. கணவாய் ஏற்றத்தில் ஐந்து பேரோடும் ஏசியோடும் திணறாமல் ஏறுகிறது. சஸ்பென்ஷனில் சத்தம் கிடையாது. பிரேக் பேட், டயர், பேட்டரி தவிர வேறு எதையும் மாற்றவில்லை. இந்தப் பத்தியோடு நிறுத்தினால் ஐந்துக்கு ஐந்து கொடுக்க வேண்டிய கார் இது.

ஆனால் நடு வேரியண்டை விட்டு டாப் எண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் கூடுதலாகக் கொடுத்தது எஞ்சினுக்காக அல்ல, எஞ்சின் இரண்டிலும் ஒன்றுதான். கொடுத்தது ரிமோட் ஏசிக்காக. நான் வேலை செய்யும் இடத்தில் கார் பகல் முழுவதும் வெட்டவெளியில் நிற்கிறது. ஒரு வேப்பமரம் உண்டு, அதன் நிழல் மேலாளருக்கு. அக்னி நட்சத்திர நாட்களில் மாலை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தால் உள்ளேயிருந்து அனல் முகத்தில் அடிக்கும். ஸ்டீயரிங்கைத் துண்டு சுற்றித்தான் பிடிக்க முடியும். சீட் பெல்ட்டின் உலோகக் கொக்கி விரலைச் சுட்டுவிடும். கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆப்பில் ஒரு தொடு, வெப்பநிலை 22, அவ்வளவுதான். படி இறங்கி வரும்போது வண்டி உறுமிக்கொண்டிருக்கும், உள்ளே குளிர்ந்திருக்கும். மூச்சிரைப்பு உள்ள என் அம்மாவை மதிய வேளையில் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவரும் நாட்களில் இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். வார்டு வாசலில் சக்கர நாற்காலிக்காகக் காத்திருக்கும்போதே காரைக் குளிர வைத்துவிடலாம். காரில் இருந்த மற்ற எந்த வசதிக்காகவும் நான் யாரிடமும் பெருமை பேசியதில்லை. இதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறேன்.

எதிர்பாராமல் பிடித்துப்போன இன்னொன்று, கார் எங்கே நிற்கிறது என்று காட்டும் வசதி. சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை பார்க்க மூன்றுமாவடிப் பக்கம் போய், போலீஸ் தடுப்பைப் பார்த்து ஏதோ ஒரு குறுக்குத் தெருவில் வண்டியை விட்டுவிட்டு நடந்தவர்களுக்கு, நள்ளிரவில் திரும்பி வந்து அந்தத் தெருவைக் கண்டுபிடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். செல்பேசி வழிகாட்ட நேராகக் காரிடம் போய் நின்றோம். குரலால் ஜன்னலைத் திறக்கச் சொல்வது, கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது போன்றவை முதல் மாதத்துக்குப் பிறகு யாருக்கும் தேவைப்படவில்லை.

மூன்று ஆண்டு இலவசச் சந்தா முடிந்ததும் பணம் கட்டிப் புதுப்பித்தேன். அதன் பிறகு ஒரு நாள், குறிப்பிட்ட தேதியோடு இந்த மாடலுக்கான இணைப்புச் சேவை "நிறைவு பெறுகிறது" என்று குறுஞ்செய்தி வந்தது. மீதமிருந்த மாதங்களுக்கான சந்தாத் தொகை கணக்குக்குத் திரும்பி வந்தது. அந்த நேர்மையை மறைக்க மாட்டேன். சொன்ன தேதியில் ஆப் திறக்க மறுத்தது. ரிமோட் ஏசி, காரைத் தேடும் வசதி, திருட்டு எச்சரிக்கை, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே இருந்த, அவசர உதவிக்கு அழைக்கும் எஸ்ஓஎஸ் பொத்தான் எல்லாம் ஒரே இரவில் போயின.

போனதோடு விட்டிருந்தால் ஆறு மாதத்தில் மறந்திருப்பேன். மறக்க முடியாமல் செய்வது தொடுதிரையில் வரும் ஒரு வாசகம். ஒவ்வொரு முறை காரைக் கிளப்பும்போதும் "இணைப்புச் சேவை கிடைக்கவில்லை, பிறகு முயலவும்" என்ற பொருளில் ஒரு பெட்டி திரையின் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதில் "சரி" என்பதைத் தொட்டால்தான் போகும். எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் பைக்குகள் நிற்கும், காரைப் பின்னால் எடுத்துத்தான் வெளியே வர வேண்டும். ரிவர்ஸ் போட்டால் கேமரா படம் வரும், பெட்டி மறையும். கியரை மாற்றியதும் கேமரா போய்ப் பெட்டி திரும்ப வரும். பிறகு எப்போது முயல வேண்டும் என்று அந்தப் பெட்டி சொல்வதில்லை. எஸ்ஓஎஸ் பொத்தானின் அருகே முன்பு பச்சையாக எரிந்த புள்ளி இப்போது நிரந்தரமாகச் சிவப்பு. இரவுப் பயணத்தில் தேனி சாலையின் இருட்டில் கண்ணெதிரே அது எரிந்துகொண்டே வருகிறது. உண்மையான அவசரத்துக்கு 108 இருக்கிறது, செல்பேசியும் இருக்கிறது. அந்தப் பொத்தான் இல்லாமல் என் உயிருக்கு ஆபத்து வந்துவிடாது. எரிச்சல் மட்டும் தினசரி வருகிறது.

சர்வீஸ் சென்டரில் கேட்டேன். "சார், உங்க மாடலுக்கு மேலேயே சப்போர்ட் நிறுத்திட்டாங்க, நாங்க இங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் சர்வீஸ் அட்வைசர். புதிய மாடலில் வரும் இணைப்புக் கருவியை வாங்கிப் பொருத்தலாமா என்றேன். 30,000 ரூபாய்க்கு மேல் ஆகும், பொருத்தினாலும் என் காரின் சேஸிஸ் எண்ணைப் புதிய சர்வர் ஏற்றுக்கொள்ளாது என்றார். அந்தப் பெட்டியாவது வராமல் செய்ய முடியுமா என்று கேட்டதற்கு, பாவம், அவர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு உண்மையாகவே முயன்று பார்த்தார். இணைப்புக் கருவிக்குரிய ஃபியூஸைப் பிடுங்கினால் பெட்டி வருவதில்லை, சிவப்புப் புள்ளியும் அணைகிறது. ஆனால் புளூடூத்தில் பேசும் மைக்கும் அதே கருவி வழியாகத்தான் போகிறதாம். ஃபியூஸ் போனால் நான் பேசுவது எதிர்முனைக்குக் கேட்காது. ஃபியூஸைத் திரும்பச் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ரிமோட் ஏசிக்கு வேண்டிய பொருட்களில் எதுவும் கெடவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். கம்ப்ரஸர் நன்றாக இருக்கிறது. எஞ்சினைத் தானாகக் கிளப்பும் மின்சுற்று நன்றாக இருக்கிறது. ஆப்பில் தொட்டால் அந்தக் கட்டளை முதலில் நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். அங்கே சந்தா சரிபார்க்கப்படும். பிறகு செல்பேசி வலைப்பின்னல் வழியாகக் காரின் இ-சிம்முக்கு வரும். இணைப்புக் கருவி அதைக் காரின் உள்வலைப்பின்னலில் ஏசிக்குச் சொல்லும். காருக்குப் பத்தடி தள்ளி நின்று தொட்டாலும் இதே சுற்றுதான். கொல்லையில் நிற்பவரைக் கூப்பிட டெல்லிக்கு டிரங்கால் போட்ட கதை. நடுவில் இருக்கும் ஒரே ஒரு கண்ணியை நிறுவனம் எடுத்துவிட்டது, இரு முனையிலும் நான் காசு கொடுத்து வாங்கிய பொருட்கள் பழுதில்லாமல் சும்மா கிடக்கின்றன.

வெளிநாடுகளில் இது பழைய கதை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஆன்ஸ்டார் சேவை பழைய அனலாக் செல்பேசி வலைப்பின்னலை நம்பியிருந்த கார்களில் 2008 தொடக்கத்தில் நின்றது. 2022 பிப்ரவரியில் ஏடி அண்டு டி நிறுவனம் 3ஜியை மூடியபோது பல நிறுவனங்களின் கார்களில் அவசர அழைப்பும் ரிமோட் வசதியும் போயின. பிரிட்டனில் 2016-க்கு முந்தைய நிசான் லீஃப் மின்கார்களுக்கான ஆப் 2024 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. 2ஜி மூடப்படுவதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஐரோப்பிய ஒன்றியம் 2018 மார்ச் முதல் புதிய மாடல்களில் கட்டாயமாக்கிய அவசர அழைப்பு முறையே 2ஜி, 3ஜியை நம்பி அமைந்ததுதான். அங்கெல்லாம் அலை போனது, கருவி செத்தது. கோபப்படலாம், ஆனால் காரணம் புரிகிறது. என் காரில் இருப்பது 4ஜி மோடம். அந்த 4ஜியில்தான் கப்பலூர் டோல்கேட்டில் நிற்கும்போது என் பையன் யூடியூப் பார்க்கிறான். வலைப்பின்னல் உயிரோடு இருக்கும்போது சர்வரை மட்டும் மூடினால் அதற்குக் கணக்குப் புத்தகம் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நிறுவனத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 2015-ல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரு ஆய்வாளர்கள் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோக்கியை மைல்கணக்கில் தள்ளியிருந்து இணையம் வழியாகவே கட்டுப்படுத்திக் காட்டினார்கள். ஜீப்பைத் தயாரிக்கும் கிரைஸ்லர் நிறுவனம் 14 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. மென்பொருளைக் கவனிக்க ஆளில்லாத காரை இணையத்தில் தொங்கவிடுவதைக் காட்டிலும் துண்டிப்பது நல்லதுதான். இதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். துண்டிக்கும்போது புளூடூத்திலோ சாவியிலோ அந்த ஒரு ஏசி கட்டளையை மாற்றிவைத்துவிட்டுப் போகாததுதான் என் புகார்.

ஏனென்றால் சாவியால் அது முடியும். இந்தக் காரின் சாவியில் திறக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நான்கு ஜன்னல்களும் ஒருசேர இறங்கும். எந்த விளம்பரத்திலும் இதைச் சொல்லவில்லை, ஷோரூமில் காரை ஒப்படைத்த பையனுக்கும் தெரிந்திருக்கவில்லை. கையேட்டில் சிறிய எழுத்தில் இருக்கிறது. இப்போது மாலையில் படியிறங்கும்போதே சாவியை நீட்டிப் பொத்தானைப் பிடிக்கிறேன். தூரத்தில் கண்ணாடிகள் இறங்குகின்றன, நான் போய்ச் சேர்வதற்குள் உள்ளேயிருந்த அனலில் பாதி வெளியேறிவிடுகிறது. சந்தா இல்லை, சர்வர் இல்லை, சாவிக்குள் ஒரு பட்டன் செல் மட்டுமே. ஐம்பது ரூபாய் வேலையில் ஒரு லட்ச ரூபாய் வசதியின் பாதி கிடைக்கிறது என்று தெரிந்தபோது சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

காரோடு வந்த வழிகாட்டி வரைபடமும் இதே கதைதான். காற்றுவழியாகத் தானே புதுப்பித்துக்கொள்ளும் என்று விற்றார்கள். நத்தம் சாலைப் பறக்கும் பாலம் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது, என் காருக்கு இன்றுவரை அது தெரியாது. பாலத்தின் மேல் போகும்போது அம்புக்குறி கீழே பழைய சாலையில் ஊர்ந்துகொண்டு நாராயணபுரத்தில் இடதுபக்கம் திரும்பச் சொல்கிறது. சொன்னபடி திரும்பினால் கைப்பிடிச் சுவரைத் தாண்ட வேண்டும். செல்பேசியை இணைத்துக் கூகுள் மேப்ஸ் போட்டுக்கொள்கிறேன் என்பதால் இதில் பெரிய இழப்பில்லை.

ஆர்சி புத்தகம் 15 ஆண்டுக்குச் செல்லும். வாழ்நாள் வரி என்று மொத்தமாகக் கட்டியிருக்கிறேன், டாப் எண்டின் விலைக்கேற்றபடி. சேவையை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று ஆப்பின் நிபந்தனைகளில் ஒரு வரி இருப்பதைச் சர்வீஸ் சென்டரில் காட்டினார்கள். அந்த வரி ஷோரூம் விலைப்பட்டியலில் அந்த வசதிக்கு எதிரே அச்சாகியிருந்தால் நான் பேச மாட்டேன்.

இவ்வளவு எழுதிய பிறகு மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு கொடுக்கிறேன். மேலே எஞ்சினுக்கும் சஸ்பென்ஷனுக்கும் சொன்ன பாராட்டோடு இது ஒத்துவரவில்லை என்பது தெரியும்; காலையில் அந்தப் பெட்டியைத் தொட்டு மூடிவிட்டு வந்து எழுதுகிறேன். காரை விற்கும் எண்ணமும் இல்லை. சகலைக்கு ஒன்று: விற்பவர் "ஆல் ஆப்ஷன்" என்று சொல்லி டாப் எண்டுக்குரிய விலை கேட்பார். அவர் எதிரிலேயே வண்டியைக் கிளப்பித் திரையைப் பாருங்கள், கண்ணாடிக்குக் கீழே புள்ளி என்ன நிறம் என்று பாருங்கள், பிறகு நடு வேரியண்டின் விலையைச் சொல்லுங்கள். அந்த விலைக்குத் தந்தால் எடுக்கலாம். மிச்சப் பணத்தில் நிழலுக்கு ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் தொடங்கியது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. அங்கே புகார் பதிவதா, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எங்கே போனாலும் சேவை நிறுத்தப்பட்டதற்கு எழுத்தில் ஒரு கடிதம் வேண்டும். சர்வீஸ் அட்வைசரிடம் கேட்டிருக்கிறேன். மேலாளரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார், மேலாளர் சென்னை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாராம்.