படத்தைத் தொட்டால் யாருக்குப் போகிறது? வீட்டில் அறை வாடகைக்கு விடுபவர்கள் கவனத்துக்கு

ஹப்புத்தளை, எல்ல, பண்டாரவளைப் பக்கம் வீட்டோடு சேர்த்து இரண்டு மூன்று அறைகளைப் பயணிகளுக்கு விடுபவர்களிடம், இணையத்தளம் செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால், முற்பணம் கொடுப்பதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். ஆளின் பெயரை எழுதப்போவதில்லை. விடயம் மத்தியஸ்த சபைக்குப் போயிருக்கிறது, அங்கே பேசிக்கொள்கிறோம். அவர் செய்த வேலையை மட்டும் சொல்கிறேன்.

எங்களிடம் இருப்பது நான்கு அறைகள். ஜன்னலைத் திறந்தால் தேயிலைச் சரிவு, லிப்டன் சீட்டுக்குப் போகிறவர்களுக்கு வசதியான இடம். தளம் செய்ய வந்தவர் பேச்சில் கெட்டிக்காரர். "இப்போது எழுத்தை யார் அண்ணே வாசிக்கிறார்கள்? பக்கம் முழுக்கப் படம்தான். படத்தைத் தொட்டால் அறை, படத்தைத் தொட்டால் வாட்ஸ்அப்" என்றார். தளத்துக்கு ஒரு விலை. தொடக்கூடிய படம் ஒவ்வொன்றுக்கும் மேலதிகமாக 2,500 ரூபாய். வேலை முடிந்ததும் தன் பெரிய மடிக்கணினியில் திறந்து காட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை.

அந்த 2,500 ரூபாய் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தை இணைப்பாக்குவது என்பது படத்துக்கான ஒரு குறியீட்டை இணைப்புக்கான இன்னொரு குறியீட்டுக்குள் வைப்பது, அவ்வளவுதான். இணையத்தளம் செய்ய உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் படத்தைத் தெரிவுசெய்து, மேலே வரும் சங்கிலிச் சின்னத்தை அழுத்தி, முகவரியை ஒட்டினால் முடிந்தது. புளொக்கரிலும் ஏறக்குறைய இதே வழிதான். தேநீர் ஆறுவதற்குள் பத்துப் படங்களுக்குச் செய்துவிடலாம். எங்கள் தளமும் வேர்ட்பிரஸில்தான் செய்யப்பட்டிருந்தது. விலை அதிகம் என்பதற்காக மட்டும் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். கேட்பவர் கேட்பார், கொடுப்பவர் கொடுப்பார்.

விடயம் வெளியே வந்தது ஒரு ஜெர்மன் தம்பதியால். ஸ்டேஷனில் அவர்களை ஏற்றிய ஓட்டோக்காரர் நேராக எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். அந்த அம்மா உள்ளே வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "அறை இருக்கிறதா? இல்லை என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?" போனை நீட்டினார். எங்கள் விடுதியின் பெயரில் ஒரு வாட்ஸ்அப் உரையாடல். "மன்னிக்கவும், அந்த நாட்களில் எல்லா அறைகளும் நிரம்பிவிட்டன. எல்லவில் எங்கள் நண்பரின் நல்ல இடம் ஒன்று இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் பதில், கீழே அந்த இடத்தின் வரைபடம். அன்றைக்கு எங்கள் நான்கு அறைகளில் மூன்று காலி.

எங்கள் தளத்தில் இருந்த பச்சை வாட்ஸ்அப் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். இணைப்பின் முகவரி மேலே வந்தது. இந்த முகவரிகளில் முன்னால் இருக்கும் பூச்சியத்தை எடுத்துவிட்டு 94 சேர்த்து எண்ணை எழுதுவார்கள். 94 சரியாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த ஒன்பது இலக்கங்கள் எங்களுடையவை அல்ல. படத்துக்குக் கீழே அலங்கார எழுத்தில் எங்கள் எண். படத்துக்குப் பின்னால் அவருடைய எண். கடைப் பலகையில் என் பெயரை எழுதிவிட்டு, கதவைத் திறந்தால் அவர் கல்லாவில் உட்கார்ந்திருப்பதைப் போல.

அக்காவின் மகள் கணினி படிக்கிறவள். அவளைக் கூப்பிட்டு மற்றப் படங்களையும் பார்க்கச் சொன்னேன். முகப்பில் நீளமான ஒரு படம் இருந்தது: ஒன்பது வளைவுப் பாலம், லிப்டன் சீட், அதிஷாம் பங்களா, கடைசியில் எங்கள் அறைகள். பார்க்க நான்கு படங்கள் போலத் தெரிந்தாலும் உண்மையில் ஒரே படம். அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத நான்கு கட்டங்களை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இணைப்புக் கொடுத்திருந்தார். இதற்கு இமேஜ் மேப் என்று பெயர். பழைய முறை, ஆனால் தவறான முறை அல்ல. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அந்தக் கட்டங்களின் அளவு பிக்சல், அதாவது திரைப் புள்ளி, கணக்கில் எழுதப்படுகிறது. படம் 1,600 பிக்சல் அகலம், முதல் கட்டம் 0 முதல் 400 வரை. போனில் படம் 400க்கும் குறைவான அகலத்துக்குச் சுருங்குகிறது. கட்டங்கள் அதோடு சேர்ந்து சுருங்குவதில்லை. ஆகவே போனில் எந்த இடத்தைத் தொட்டாலும் முதல் கட்டம்தான் திறக்கும். அறையைத் தொட்டாலும் பாலம், பங்களாவைத் தொட்டாலும் பாலம். எங்களைத் தேடி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் போனில் பார்க்கிறவர்கள்.

தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தப் பாலப் படம் போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள். வாகனமும் வழிகாட்டியும் அமர்த்தித் தரும் ஒரு பயண முகவர் பக்கம், முகவரியின் வாலில் ஒரு பரிந்துரை இலக்கம். அந்த வழியாக யாராவது பணம் கட்டினால் அந்த இலக்கத்துக்கு உரியவருக்குக் கொமிஷன். அறைகளின் படங்கள் ஒவ்வொன்றும் ஒரு பெரிய முன்பதிவுத் தளத்துக்குப் போயின, அங்கேயும் வாலில் ஓர் இலக்கம். எங்கள் தளத்துக்கே நேராக வந்த விருந்தினரை அங்கே தள்ளிவிட்டால், நாங்கள் அந்தத் தளத்துக்கு 15 சதவீதம் கட்டவேண்டும். அதில் ஒரு பங்கு இவருக்கு. அந்த 15 சதவீதத்தை மிச்சப்படுத்தத்தான் சொந்தத் தளமே செய்தோம்!

மற்றவை சின்னச் சின்னக் கோளாறுகள். இரண்டு படங்களுக்கு இணைப்பே இல்லை, முகவரி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஹாஷ் குறி (#). தொட்டால் பக்கம் உச்சிக்குத் தாவும். எந்தப் படத்துக்கும் மாற்று எழுத்து, அதாவது படம் என்ன என்று சொல்லும் மறைவான வரி, இல்லை. பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் அதைத்தான் இணைப்பின் பெயராக வாசிக்கும், கூகுளும் அதைத்தான் பார்க்கும். பக்கத்தின் அடியில் அவருடைய சின்னம் ஒன்று இருந்தது. அது மட்டும் எந்தப் போனில் தொட்டாலும் சரியாக அவருடைய தளத்துக்குப் போயிற்று.

கேட்டதற்கு, "அது டெமோ எண் அண்ணே, மாற்ற விட்டுப்போய்விட்டது" என்றார். டெமோ எண் எப்படி அறை நிரம்பிவிட்டது என்று பதில் எழுதும் என்று கேட்டேன். சிக்னல் சரியில்லை என்றார். அன்று இரவே இணைப்புகளெல்லாம் மாறியிருந்தன. ஆனால் அக்கா மகள் அதற்கு முன்பே ஒவ்வொரு படத்தின் முகவரியோடும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, பக்கத்தின் மூலக் குறியீட்டையும் சேமித்துவைத்திருந்தாள். டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், அவர் பெயரில் பதியப்பட்டிருக்கிறது. அதை மாற்றித் தரும் குறியீட்டைக் கேட்டால் பராமரிப்புக் கட்டணம் என்று ஒரு பில் அனுப்புகிறார்.

உங்கள் தளம் எப்படி என்று பார்க்க மடிக்கணினியில் பார்த்தால் போதாது. கணினியில் சுட்டியைப் படத்தின் மேல் வைத்தால் திரையின் அடி மூலையில் முகவரி தெரியும். போனில் அழுத்திப் பிடிக்கவேண்டும். எண் இருந்தால் இலக்கம் இலக்கமாகப் படியுங்கள். நீளமான வால் இருந்தால் அது யாருடையது என்று கேளுங்கள். உங்களுக்கு உரியதாக இருந்தால் நல்லது. பயணப் படங்கள் வேண்டுமென்றால் தனித்தனிப் படமாகப் போடச் சொல்லுங்கள். போனில் அவை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்காக நிற்கும், தொட்டது திறக்கும். டொமைனை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் பதிந்த பிறகு மீதிப் பணம்.

ஏற்கெனவே தளம் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பச்சைப் படத்தில் விரலை வைத்துப் பாருங்கள். வேறு எண் வந்தால் உடனே செய்தவரை அழைக்காதீர்கள். முதலில் ஸ்கிரீன்ஷொட், திகதியும் நேரமும் தெரியும்படி. பிறகு வேறொருவர் போனிலிருந்து அந்த எண்ணுக்கு "இந்த வாரம் அறை இருக்கிறதா?" என்று எழுதி, வருகிற பதிலையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆள் செய்த வேறு தளங்களிலும் இப்படி இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள், மத்தியஸ்த சபையில் சேர்த்துக் கொடுக்கிறேன்.